ஏனத்துக் குத்தம்

லாத்தாவுக்கு மனிதர்கள் மேல் கோபமே வராது. வருகிற கோபம் மொத்தமும் பாத்திரங்கள் மேல்தான். பாத்திரம் என்றுகூடச் சொல்ல மாட்டார், ஏனம் என்பார். நன்னிலம் பக்கம் முஸ்லிம் வீடுகளில் இன்றும் புழங்குகிற சொல் அது. பால் பொங்கி வழிந்தால் ஏனத்தின் குத்தம். கை சுட்டால் பிடியின் குத்தம். மருமகள் டீயைக் கொட்டிவிட்டாள் என்று எந்த வீட்டு மாமியாராவது கத்தினால், இரண்டு பேரையும் விட்டுவிட்டுக் கெட்டிலைத் தூக்கி அதன் மூக்கைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். "ஆளுக மேல என்ன இருக்கு டீச்சர்? ஏனம் சரியில்ல" என்று தீர்ப்பு வந்துவிடும்.

எனக்கு நேர்மாறு. எனக்குக் கோபம் வந்தால் மனிதர்கள் மேல் மட்டும்தான் வரும், அதுவும் அடிக்கடி வரும். நான் தஞ்சாவூர்க்காரி. லாத்தாவின் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றலாகிப் போனபோது அவர் வீட்டு மாடியில்தான் வாடகைக்கு இருந்தேன். லாத்தா என்றால் அக்கா. அவரைவிட மூத்தவர்கள்கூட அவரை அப்படித்தான் கூப்பிட்டார்கள், நானும் அப்படியே பழகிக்கொண்டேன்.

குடிபோன அன்றே டீயோடு மாடிக்கு வந்தார். பதிலுக்கு நானும் ஒரு டீ போட்டேன். குடிக்காமல் என் வடிகட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். வடிகட்டியதும் அதை மேடையில் வைத்தேன். அடியிலிருந்து சொட்டுச் சொட்டாக வடிந்து மேடையில் பழுப்பாக ஒரு வட்டம் கட்டியது. எல்லார் வீட்டிலும் கட்டுகிற வட்டம்தானே? "இத யாரு உங்களுக்கு வித்தது?" என்றார், ஏதோ திருட்டு நகையை வாங்கியவளைக் கேட்கிற மாதிரி. எனக்குச் சுள்ளென்று வந்தது. கொஞ்ச நாளில் ஒரு புது வடிகட்டி கொண்டுவந்து கொடுத்தார். அதன் வளையத்துக்கு அடியில் சின்னதாக ஒரு கிண்ணம், கடைசிச் சொட்டைப் பிடித்துக்கொள்ள. தேவைப்படாதபோது கிண்ணம் பக்கவாட்டில் மடங்கிக்கொள்ளும். நான் கேட்கவே இல்லை. ஆனால் அதற்குப் பிறகு வேறு வடிகட்டி நான் வாங்கவும் இல்லை.

பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படித்தவர். படித்து முடித்த கையோடு கல்யாணம். மாப்பிள்ளை சபராளி, அதாவது வளைகுடாவில் வேலை பார்க்கிறவர். இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை வந்து போவார். பிள்ளை இல்லை. வீட்டில் வயதான மாமனார், மாமியார், பிறகு சமையல்கட்டு. படித்த படிப்பு முழுக்க அந்தச் சமையல்கட்டில் இறங்கியது. காலண்டர் தாளின் பின்பக்கத்தில் மேலிருந்து பார்த்தால் எப்படி, பக்கத்திலிருந்து பார்த்தால் எப்படி என்று அளவு போட்டு வரைவார். அதைப் போனில் படம் பிடித்துக் கும்பகோணத்தில் ஒரு பட்டறைக்கு அனுப்புவார். சாமான் பஸ்ஸில் வந்து சேரும். கோணலாக வந்தால் பட்டறைக்காரரைத் திட்டுவாரா என்றால் அதுவும் கிடையாது. "அவுங்ககிட்ட இருக்கற அச்சு தேஞ்சு போச்சு, பாவம்."

டீயில் மட்டும் சமரசம் கிடையாது. அவர் பேச்சில் அது தேத்தண்ணி. தூள், பால், தண்ணீர் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுக் கொதிக்கவிட்டால் அதற்குப் பெயர் கஷாயம். டிகாஷன் தனி, பால் தனி. இரண்டும் தம்ளரில்தான் முதன்முதலாகப் பார்த்துக்கொள்ள வேண்டும், அதுவும் உயரத்திலிருந்து விழுந்து நுரை கட்ட வேண்டும். நூலில் தொங்குகிற டீப் பையை ஒருமுறை பள்ளிக்கூட விழாவில் கொடுத்தார்கள். "தூளத் தூக்குல போட்டு வச்சிருக்காங்களே டீச்சர், அது என்ன பாவம் பண்ணுச்சு?" என்றார். மிஷினுக்குத் தகுந்த மாதிரி டீயை மாற்றுகிறவர்கள் சோம்பேறிகள் என்பது அவர் கட்சி. கை எப்படிப் போகிறதோ அப்படி ஏனம் வர வேண்டும். ஆற்றுகிற குவளையின் பிடியை பஸ் ஸ்டாண்டு டீ மாஸ்டருக்காக இடது கைக்கு மாற்றிச் செய்து கொடுத்திருக்கிறார். அந்த மாஸ்டர் அதுவரை வாடிக்கையாளர் சட்டையிலெல்லாம் சிந்தி முதலாளியிடம் ஏச்சு வாங்கிக்கொண்டிருந்த ஆள். அதற்குப் பிறகும் சிந்தினார்தான், ஆனால் குறைவாக.

எல்லாம் பலித்தது என்று சொல்ல முடியாது. பால் பொங்கப்போகிற நேரம் பார்த்து விசிலடிக்கிற சட்டி ஒன்று செய்தார். பால் விசிலுக்குள் போய் அடைத்துக்கொண்டு, சட்டியை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகும் அது கத்திக்கொண்டே இருந்தது. தெருவே வந்து எட்டிப் பார்த்தது. நான் சிரித்து முடித்துவிட்டு, "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம், அந்தக் கதையா இருக்கு லாத்தா. எல்லாத்துக்கும் ஏனத்தையே சொல்றீங்க" என்றேன்.

"கூடம் நெசமாவே கோணலா இருந்திருந்தா என்ன பண்றது டீச்சர்? யாராச்சும் அளந்து பாத்தாங்களா?"

அவரைப் பிடிக்காமல் போகாது. ஆனால் சில நேரம் பயமாக இருக்கும்.

கணவர் லீவில் வந்திருந்த சமயம் ஒரு சாயங்காலம் கீழே கண்ணாடி உடைகிற சத்தம் கேட்டது. அதற்கு முன்னால் அந்த மனிதரின் குரல், டீ ஆறிப்போயிருக்கிறதாம். மறுநாள் காலையில் நான் பள்ளிக்கூடம் கிளம்பும்போது லாத்தா வாசல் படியில் உட்கார்ந்து உடைந்த தம்ளரின் அடிப்பாகத்தைக் கையில் வைத்து ஆராய்ந்துகொண்டிருந்தார். நெற்றி ஓரம் சின்னக் கீறல்.

"தடிப்பான கண்ணாடி டீச்சர். ஊத்தின ஒடனே பாதிச் சூட்ட அது குடிச்சிடுது. அவுங்க வாய்க்குப் போறப்ப ஆறித்தானே இருக்கும்?"

"அவர் கையிலேர்ந்து பறந்து வந்துச்சே, அதுவும் தம்ளர் குத்தமா?"

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "அங்க ஒரே ரூம்ல பத்துப் பேரோட படுத்துக் கெடக்குற மனுஷன் டீச்சர்" என்றார். பிறகு பழையபடி கண்ணாடியைப் பார்க்க ஆரம்பித்தார். நான் அன்று வகுப்பில் ஒன்றுமறியாத பிள்ளைகளைத் திட்டித் தீர்த்தேன். ஏனங்களுக்கு வாய் இருந்தால் அந்த வீட்டில் நடந்ததற்கெல்லாம் தாங்கள் காரணமில்லை என்று அவை ஊரைக் கூட்டியிருக்கும். அடுத்த மாதம் மெல்லிய சுவரும் தடித்த விளிம்புமாக எவர்சில்வர் தம்ளர்கள் கும்பகோணத்திலிருந்து வந்தன. அதற்குள் கணவர் திரும்பிப் போயிருந்தார்.

மாமியார் இறந்தது ஒரு கார்த்திகை மாதம். அடைமழை. முடிகொண்டான் ஆறு நிரம்பிப் போக, வயலும் தெருவும் ஒரே மட்டமாகக் கிடந்தன. குழி வெட்ட வெட்ட நீர் ஊறியதால் அடக்கம் தள்ளிப்போனது. மௌத்தான வீட்டில் அடுப்புப் பற்ற வைக்கக் கூடாது, எங்கள் வீடுகளிலும் அப்படித்தான். அக்கம்பக்கத்திலிருந்துதான் எல்லாம் வர வேண்டும். எதிர்வீட்டு அம்மா கெட்டிலை முந்தானைக்குள் பொத்திக்கொண்டு குடையோடு வந்தார். வந்து சேர்வதற்குள் டீ ஆறி, மேலே ஆடை படிந்திருந்தது. லாத்தாவின் மாமனார் ஒரு வாய் வைத்துவிட்டுத் தம்ளரைக் கீழே வைத்தார். "ஆறிடுச்சா மாமா? இருங்க, சுட வச்சுக் கொண்டாறேன்" என்று அந்த அம்மா திரும்பிப் போனார். அவர் வருவதற்குள் இன்னொரு வீட்டிலிருந்து இன்னொரு கெட்டில். அதுவும் ஆறித்தான் வந்தது. பகல் முழுவதும் ஈரப் புடவையோடு பெண்கள் வருவதும் போவதுமாக இருந்தார்கள். சுடவைத்த டீ வருகிறவரை காத்திருந்தவர்கள் சும்மா இருப்பார்களா, செத்துப்போனவரைப் பற்றிப் பேசினார்கள். மாமியார் ஒரு ஆட்டைத் துரத்திக்கொண்டு வாய்க்காலில் விழுந்த கதையை யாரோ சொல்ல, மாமனாரே, "ஆடு கரையேறிடுச்சு, இவளத்தான் தூக்க வேண்டியதாப் போச்சு" என்று ஒரு வார்த்தை சேர்த்தார்.

லாத்தா மனதில் இது எதுவும் தங்கவில்லை. அன்றைக்கு அவர் கண்ணில் பட்டது ஆறிப்போன டீ மட்டும்தான். "பொண்டாட்டியப் பறிகுடுத்த மனுஷன். அவரு தொண்டையில சூடா ஒரு வாய்த் தேத்தண்ணி எறங்கல டீச்சர்" என்று சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார். துக்கத்தில் இருக்கிற யாருக்கும் இனி இந்த ஊரில் அப்படி நடக்கக் கூடாது. அடுத்த மழைக்காலம் வரை காலண்டர் தாள் ஒன்றுகூடக் குப்பைக்குப் போகவில்லை.

அப்படி வந்ததுதான் லாத்தா கேன். ஊர் அதற்கு வைத்த பெயர் அது. இரட்டைச் சுவர் வைத்த எவர்சில்வர் கேன், உள்ளே நடுவில் ஒரு தடுப்பு. ஒரு பக்கம் டிகாஷன், மறுபக்கம் சர்க்கரை போட்ட பால். பிளாஸ்கில் மணிக்கணக்காகக் கிடந்த டீக்கு வருமே ஒரு அவிந்த வாடை, அது இதில் வராது, ஏனென்றால் உள்ளே டீயே கிடையாது. உயரமான காலில் நிற்கும். ஒரே திருப்பில் இரண்டு குழாயும் திறந்து, முழ நீளத்துக்கு விழுந்து, தம்ளரில் கலந்து நுரை கட்டும். மாஸ்டர் ஆற்றிக் கொடுத்த டீதான், சந்தேகமே வேண்டாம். காலையில் ஊற்றினால் சாயங்காலம் வரை நாக்கு சுடும். பள்ளிவாசலில் இரண்டு வாங்கி வைத்தார்கள். பிள்ளையார் கோயில் தெருக்காரர்கள் தங்களுக்கென்று ஒன்று செய்யச் சொன்னார்கள். பிறகு சுற்றுப்பட்ட ஊர்களுக்கும் போனது. எந்த வீட்டில் துக்கம் என்றாலும் லாத்தா போய் முதல் தம்ளரைப் பிடித்து அந்த வீட்டு ஆள் கையில் கொடுப்பார். அவர் குடிப்பதைப் பார்த்துக்கொண்டு கூடவே உட்கார்ந்திருப்பார். அந்த முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை நான் வேறு எப்போதும் பார்த்ததில்லை.

மாமனாரும் போய்ச் சேர்ந்த பிறகு, கீழ்வீட்டில் லாத்தா தனி. அப்புறம் அந்தப் போன் வந்தது. கணவர் வேலை செய்கிற இடத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்துவிட்டார்.

சபரில் செத்தால் மய்யித்து, அதாவது உடல், உடனே வந்துவிடாது. அங்கே ஒரு கையெழுத்து, இங்கே ஒரு கையெழுத்து, நடுவில் அவர்கள் லீவு, நம் லீவு. எப்போது வரும் என்று யாருக்கும் தெரியவில்லை. முதல் நாள் ஊரே வந்தது. வெளியூர்ச் சொந்தங்கள் வந்து அழுதுவிட்டு, "மய்யித்து வர்றன்னிக்கு வர்றோம்" என்று கிளம்பிப் போனார்கள். மறுநாளிலிருந்து கேன் வந்தது.

காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. ஆட்டோவில் வந்து நடையில் இறங்கும். பழைய கேனை எடுத்துக்கொண்டு ஆட்டோ போய்விடும். எதிர்வீட்டு அம்மா, அன்றைக்கு மழையில் கெட்டிலோடு அலைந்தாரே அவர்தான், கேட்டுக்கு வெளியே நின்று, "தேத்தண்ணி சூடா இருக்குல்ல லாத்தா? தீந்துபோச்சுன்னா ஒரு போன் அடிங்க, ஒடனே அனுப்பச் சொல்றேன்" என்றார்.

"சூடா இருக்கும்மா" என்றார் லாத்தா.

அந்த அம்மா திருப்தியாகத் தலையாட்டிவிட்டு வீட்டுக்குள் போனார். கல்நெஞ்சக்காரி என்று அவரைச் சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். நல்ல மனுஷி. திரும்பி வர அவருக்கு இனி ஒரு காரணமும் இல்லை, அவ்வளவுதான். வாட்ஸப்பில் துஆ, அதாவது பிரார்த்தனை, வந்துகொண்டே இருந்தது. ஆள் வரவில்லை. பள்ளிக்கூடம் விட்டதும் நான் கீழே போய் உட்காருவேன். அவர்கள் துக்க வீட்டில் சொல்கிற வார்த்தைகளும் எனக்குத் தெரியாது, அந்த மனிதரைப் பற்றி நல்லதாகச் சொல்ல ஒரு வார்த்தையும் கிடையாது. நான் என்னத்தைப் பேசுவது?

அப்படி ஒரு நாள் போனபோது கேன் தரையில் பிரித்துப் போடப்பட்டிருந்தது. குழாய், வாஷர், தடுப்பு, மூடி எல்லாம் தனித்தனியாகத் துணி மேல் கிடந்தன. வெள்ளைத் துப்பட்டாவைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு லாத்தா ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். விரலை உள்ளே விட்டுத் தடவினார். மூக்கருகில் கொண்டுபோய் மோந்து பார்த்தார். திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்தார்.

"என்ன லாத்தா, ஒழுகுதா?"

"இல்ல டீச்சர்."

"அப்ப என்ன தேடுறீங்க?"

எல்லாவற்றையும் திரும்பப் பூட்டினார். குழாயைத் திருப்பி மூடினார். கடைசியில் கேனைக் கட்டிக்கொண்டு அதன் மேல் கன்னத்தை வைத்துக்கொண்டார். "இதுல ஒரு குத்தமும் இல்ல டீச்சர்" என்றார். சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. கணவர் செத்த செய்திக்குக்கூட அவர் அப்படி அழவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, எதிர்வீட்டுப் பக்கம் பார்த்து, "அவ உள்ள வந்து செத்த நேரம் ஒக்காந்திருக்கலாம்" என்றார். ஒரு மனுஷி மேல் அவர் குறை சொல்லி நான் கேட்டது அந்த ஒருமுறைதான். இத்தனை வருஷம் ஏன் யார் மேலும் கோபப்படவில்லை என்று இவரைக் கடிந்துகொண்டிருந்தேனே, அன்றைக்கு அந்தக் கோபம் வந்தபோது அதைத் தாங்க அவரிடம் தெம்பு இல்லை.

மய்யித்து வந்தது. அடக்கம் ஆனது. அவர்கள் வழக்கப்படி இத்தா, கணவனை இழந்தவள் வீட்டோடு இருக்கிற நாலு மாசமும் பத்து நாளும், முடிகிறவரை லாத்தா வீட்டை விட்டு வெளியே வரவில்லை. முடிந்ததும் முதல் வேலையாகப் பள்ளிவாசல் நிர்வாகிக்கு ஆள் அனுப்பி, கேன்களைத் திருப்பித் தரச் சொன்னார். ஏதோ ரிப்பேருக்கு என்று நினைத்து அவர், "நல்லாத்தானே லாத்தா ஓடுது! அது இல்லாம இனிமே முடியுமா? ஊரே உங்களுக்கு துஆ செய்யுது" என்று சொல்லியனுப்பினார். கும்பகோணம் பட்டறைக்குப் போன் செய்து இனி அதைச் செய்யாதீர்கள் என்றார். அவர்கள் சிரித்தார்கள். ஆர்டர் கீழ்வேளூர் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. சூடு சீக்கிரம் இறங்குகிற மாதிரி ஒற்றைச் சுவரில் ஒன்று வரைந்து அனுப்பினார். அளவு தப்பாக இருக்கிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

கொஞ்ச நாளில் பிள்ளையார் கோயில் தெருவில் ஒரு சாவு. கால்நடை ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர், வயதொன்றும் அதிகமில்லை. அவர் மனைவி எங்கள் இரண்டு பேருக்கும் பழக்கம். லாத்தா வீட்டில் டீ போட்டார். பழைய கெட்டில் ஒன்றைத் தேடியெடுத்து ஊற்றி, துண்டைச் சுற்றி, கையில் பிடித்துக்கொண்டு கிளம்பினார். ஆட்டோ வைக்கலாம் என்றேன். வேண்டாம், நடந்தே போகலாம் என்றார். நல்ல வெயில். நான் குடை பிடித்தேன்.

ஷாமியானாவுக்கு அடியில் நாற்காலிகளில் ஆண்கள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாசலில் கேன் நின்றது. உள்ளே ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் அந்தப் பெண் சுவரில் சாய்ந்து தனியாக உட்கார்ந்திருந்தாள். லாத்தா அவள் எதிரே குந்தி உட்கார்ந்து துண்டை அவிழ்த்தார்.

"நீங்க எதுக்கு லாத்தா இந்த வெயில்ல? அதான் உங்க கேன் வந்துடுச்சே. சுடச்சுட இருக்கு. இதெல்லாம் உங்களுக்குத்தான் புண்ணியம்."

"ஆறிப்போனாலும் ஒரு வாய் குடிம்மா. நான் செத்த நேரம் இருக்கேன்."

அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். "பரவாயில்ல லாத்தா. நீங்களே நொந்துபோயிக் கெடக்கீங்க. நீங்க போயி ரெஸ்ட் எடுங்க. இங்க எல்லாம் வசதியாத்தான் இருக்கு."

நிஜமாகவே மரியாதையாகத்தான் சொன்னாள். துளி வேஷம் கிடையாது. ஆள் வந்து பக்கத்தில் இருக்க வேண்டும் என்று கேட்க வேண்டியவளுக்கே அது தோன்றவில்லை. லாத்தா கொஞ்ச நேரம் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவள் சங்கடப்பட்டுக் கையை மெல்ல உருவிக்கொண்டாள். லாத்தா கெட்டிலில் துண்டை மறுபடி சுற்றிக்கொண்டு எழுந்தார்.

திரும்புகிற வழியில் வாய்க்கால் மதகு மேல் உட்கார்ந்து கெட்டிலைக் கவிழ்த்தார். டீ முழுவதும் சேற்றில் போயிற்று. அடுத்த கல்வியாண்டில் எனக்குத் தஞ்சாவூருக்கே மாற்றல் கிடைத்திருந்தது, அவருக்கும் தெரியும்.

"டீச்சர், நாளைக்கி எனக்கு ஒண்ணுன்னா நீங்க வருவீங்கல்ல?"

"என்ன பேச்சு லாத்தா இது? வராம இருப்பேனா?"

"வெறுங்கையோட வாங்க. ஒண்ணும் எடுத்துக்கிட்டு வராதீங்க. வந்து ஒக்காருங்க."

சரி என்றேன். அந்த ஊரில் பிறந்து வளர்ந்தவர்கள் எத்தனையோ பேர் இருக்க, மாடியில் வாடகைக்கு இருந்துவிட்டுப் போகப்போகிற என்னிடம்தான் அதைக் கேட்டார்.